கடல் தொழிலில் அடிபட்டால்: குமரி மேற்குக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்து ஆட்களில் பெரும்பகுதி தொழில் பார்ப்பது தோப்பும்படி, முனம்பம், நீண்டகரை, பேப்பூர் துறைகளில். வீடு தமிழ்நாட்டில், போட்டு (விசைப்படகு) கேரளத்தில், விபத்தோ இரண்டுக்கும் வெளியே ஆழ்கடலில். அதனால் அடிபட்டவுடன் வரும் சந்தேகங்களும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதில்களைத் தொகுத்திருக்கிறோம்.

போட்டுல அடிபட்டா நஷ்டஈடுன்னு சட்டத்தில ஒண்ணு உண்டா, இல்ல முதலாளி மனசு வச்சு தர்றதுதானா?

சட்டத்தில் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கப்பல் மற்றும் இயந்திரக் கலங்களில் வேலை செய்பவர்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் அமைப்பு அதில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. 'ஆணையர்' என்றிருந்தவர் இப்போது 'தகுதியுடைய அதிகாரி'. மேற்சொன்ன தேதிக்கு முன்னால் நடந்த விபத்து என்றால் பழைய சட்டப்படியே கேட்க வேண்டும்.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். கயிறு பழசாக இருந்ததா, போட்டை ஓட்டும் ஸ்ராங்கு கவனிக்கவில்லையா என்ற விசாரணைக்குள் போக வேண்டியதே இல்லை. 'நீதான் கவனமில்லாமல் கையை வைத்தாய்' என்பதும் பதிலாகாது.

நாங்க சம்பளத்துக்குப் போகல, பங்குக்குத்தான் போறோம். எங்களை தொழிலாளின்னு ஒத்துக்குவாங்களா?

எல்லா வழக்கிலும் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். 'இவர் கூலிக்காரர் இல்லை, பங்காளி' என்பார்கள். பங்கு என்பது கூலி கணக்கிடும் முறை, அவ்வளவே. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, தரகு எல்லாம் கழித்து மிச்சத்தைப் பிரிப்பதால் மட்டும் ஒருவர் போட்டுக்கு உடைமைக்காரர் ஆகிவிட மாட்டார். போட்டும் வலையும் யாருடையது, எப்போது எந்தத் துறையிலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்வது யார், ஆளை ஏற்றுவதும் இறக்கிவிடுவதும் யார், போட்டு மூழ்கினால் கடன் யார் தலையில் விழும் என்ற கேள்விகளுக்கு வரும் பதிலை வைத்தே உறவைத் தீர்மானிக்க வேண்டும். நான்குக்கும் பதில் ஒரே ஆள் என்றால் அவர்தான் முதலாளி.

சீசன் தொடக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ் இங்கே நல்ல சாட்சி. பங்காளிக்கு யாரும் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிப்பதில்லை. கூகுள் பேயில் வந்த பணம், கணக்கு நோட்டின் பக்கம், வாட்ஸாப்பில் 'இருபதாம் தேதி ஹார்பருக்கு வந்திரு' என்ற குரல் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. தூத்தூர்ப் பக்கம் ஐந்தாறு பேர் சேர்ந்து பணம் திரட்டி ஒரு போட்டை இறக்கி, அதே போட்டில் அவர்களே தொழிலுக்குப் போவது உண்டு. பத்திரத்தில் உங்கள் பெயர் உடைமைக்காரராக இருந்தால், உங்கள் கோரிக்கை பலவீனம்தான். அப்படிப்பட்டவர்கள் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டே கடலுக்குப் போக வேண்டும்.

அடிபட்ட அன்னைக்கே என்ன செய்யணும்? நாங்க முப்பது நாள் தங்கல்ல கிடப்போம்.

கரையிலிருந்து தொலைவில் இருக்கிறீர்கள் என்பதால்தான் அன்றைய குறிப்புக்கு மதிப்பு அதிகம். ஜி.பி.எஸ்ஸில் காட்டும் அட்சம், தீர்க்கம், நேரம் மூன்றையும் போனில் படம் பிடியுங்கள். காயத்தையும், சிக்கிய இடத்தையும் படம் பிடியுங்கள். விஞ்ச் டிரம்முக்கும் இழுபட்ட கயிற்றுக்கும் நடுவே கையுறையோடு விரல் போயிருந்தால், அந்தக் கையுறையைக் கடலில் எறியாதீர்கள். மோசமான காயம் என்றால் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554, கடலோரப் போலீஸ் 1093. அந்த அழைப்பே பிற்பாடு ஒரு பதிவாக நிற்கும்.

கரைக்கு வந்ததும் நடக்கும் தவறு ஒன்று வழக்கையே கெடுக்கிறது. கூட வருபவர், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தோ முதலாளி சொல்லியோ, ஆஸ்பத்திரியில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத வைக்கிறார். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு நகல்) ஒருமுறை அப்படி விழுந்துவிட்டால், ஒன்றரை வருடம் கழித்து அதை மாற்றிச் சொல்லி நம்பவைப்பது பெரும்பாடு. எந்தப் போட்டு, என்ன வேலை, எந்தக் கருவி, எத்தனை மணி என்று டாக்டரிடம் அடிபட்டவரே சொல்லட்டும். பேச முடியாவிட்டால் கூட வேலை செய்தவர் சொல்லட்டும். கேரளத்தில் ஸ்டேஷனில் ஜி.டி. என்ட்ரி (பொது நாட்குறிப்புப் பதிவு) நகலும், தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், எக்ஸ்ரே எதன் மூலப் பிரதியையும் முதலாளியின் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். நகல் போதும்.

அதோடு, என்ன நடந்தது என்று தேதியோடு நாலு வரி எழுதி முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். போட்டிலேயே அடிபட்டு, போட்டிலேயே வேலை செய்ய முடியாமல் போன கப்பல் பணியாளர் தனியாக நோட்டீஸ் தர வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. இருந்தாலும் அனுப்புவதில் நஷ்டம் இல்லை.

போட்டு கொச்சியில, முதலாளி மலையாளி, எனக்க வீடு வள்ளவிளையில. எங்க போய் மனு குடுக்கணும்?

விபத்து நடந்த இடம், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். ஆகவே குமரி மாவட்டத்துக்குப் பொறுப்பான தொழிலாளர் துறை அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். எர்ணாகுளத்துக்கு மாதாமாதம் பஸ் ஏற வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதிக்கான அதிகாரிக்குத் தகவல் அனுப்புவது மனுவை வாங்கும் அலுவலகத்தின் வேலை, உங்களுடையது அல்ல.

கெடு இரண்டு வருடம். விபத்து நடந்த நாளிலிருந்தோ, மரணம் என்றால் இறந்த நாளிலிருந்தோ எண்ண வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது நல்லதல்ல. கப்பல் பணியாளர் இறந்தாலோ காணாமல் போனாலோ கெடு வேறு. அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

மொத்தம் எவ்வளவு கிட்டும்?

மூன்று எண்கள் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம். ஒன்று மாதக் கூலி. எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார்கள். இந்த வரம்பு 2020 ஜனவரி 3 முதல், அதற்கு முன் 8,000. இரண்டாவது, வயதுக்கான காரணி. 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 45-க்கு 169.44, 50-க்கு 153.09, 60-க்கு 117.41. மூன்றாவது விகிதம். மரணத்துக்கு மாதக் கூலியில் 50 சதவீதம், முழு நிரந்தர ஊனத்துக்கு 60 சதவீதம்.

30 வயதுக்காரர், கூலி 15,000 அல்லது அதற்கு மேல், இறந்துபோனார் என்று வைப்போம். 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். 40 வயதுக்காரர் இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிலை என்றால் 9,000 பெருக்கல் 184.17, அதாவது 16,57,530 ரூபாய். மரணம் என்றால் அடக்கச் செலவுக்குத் தனியாக, பழைய சட்டப்படி குறைந்தது 5,000, புதிய தொகுப்பின்படி குறைந்தது 15,000 உண்டு.

பணம் விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால், தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். மனுவில் வட்டியையும் அபராதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

விரல்தான் போச்சு, ஆளு நல்லாத்தான் இருக்கேன். இதுக்கும் உண்டா?

உண்டு. சட்டத்தின் பின்னிணைப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் சதவீதம் எழுதியே வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். சுட்டுவிரல் முழுதும் 14, அதன் ஒரு கணு மட்டும் என்றால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் நறுங்கினால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று 30, நான்கும் போனால் 50. ஒரு கண் போய், மற்றது நன்றாக இருந்தால் 40. 35 வயதுக்காரருக்கு சுட்டுவிரல் போனால், முழு ஊனத் தொகையான 17,73,540-இல் 14 சதவீதம், சுமார் 2,48,296 ரூபாய்.

விரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை, பிடி இல்லை என்றாலும் வழி உண்டு. ஓர் உறுப்பின் பயன் முழுதாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால் உறுப்பே போனதற்குச் சமம். திருக்கை முள் குத்தி நரம்பு செத்த கை, தூண்டில் ஏறி சீழ் பிடித்து விறைத்த விரல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பட்டியலில் இல்லாத காயங்களுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டையில் இருக்கும் சதவீதம் உடலின் ஊனத்தைச் சொல்வது. இங்கே தேவைப்படுவது தொழில் திறன் இழப்பு. இரண்டையும் குழப்பி, 'கார்டில் 30 தானே' என்று விட்டுவிடக் கூடாது.

1976-இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் வழக்கில் சொன்னதை இங்கே எடுத்துக்காட்டலாம். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவர், ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று தீர்ப்பு. ஆடும் போட்டின் மேல்தளத்தில் வலை இழுப்பவருக்கு இரண்டு கையின் பிடியும் வேண்டும். டாக்டரின் சான்றில் 'மீன்பிடித் தொழிலைத் தொடர இயலாது' என்ற வரி இருந்தால், சதவீதம் பற்றிய வாதமே வேறாகிவிடும்.

பங்கு ஒரு நடைக்கு நாற்பதாயிரம், அடுத்த நடைக்கு ஒண்ணுமில்ல. மாசச் சம்பளம்னு எதை எழுதுறது?

வருடம் முழுதும் அதே முதலாளியிடம் தொடர்ந்து இருந்தால், பன்னிரண்டு மாதத்துப் பங்கைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுப்பார்கள். ஆனால் பதினான்கு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். நம் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை. ஆகவே பெரும்பாலோருக்குக் கணக்கு ஆகஸ்ட் 1-இலிருந்துதான் தொடங்கும். கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த காலத்தின் மொத்தப் பங்கை 30-ஆல் பெருக்கி, அந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1-க்குப் போனவர் அக்டோபர் 10-இல் அடிபட்டார், இடையில் 70 நாள். இரண்டு நடையில் 62,000 கிடைத்திருந்தால் மாதம் 26,571 வரும், வரம்பு 15,000 என்று நிற்கும். மீன் கிடைக்காமல் 28,000 மட்டும் என்றால் மாதம் 12,000. 'நடைக்கு இவ்வளவு' என்று எழுதாமல், நாள் எண்ணி எழுதுங்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருந்தால் அதை ஆஜர்படுத்தச் சொல்லி மனு போடலாம். தராவிட்டால் உங்கள் கணக்கை நம்ப அது ஒரு காரணமாகும்.

கை ஒடிஞ்சு மூணு மாசமா வீட்டில இருக்கேன். எலும்பு சேர்ந்துட்டா ஒண்ணும் கிட்டாதா?

தற்காலிக ஊனம் என்று இதற்குப் பெயர். அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். 15,000 கூலிக்கு 3,750 வீதம் மாதம் இருமுறை. மூன்று நாளுக்குள் குணமானால் எதுவும் கிடையாது. 28 நாளோ அதற்கு மேலோ நீண்டால் அடிபட்ட நாளிலிருந்தே கணக்கு, இல்லாவிட்டால் முதல் மூன்று நாள் கழிந்து. அதிகபட்சம் ஐந்து வருடம்.

சிகிச்சைச் செலவு இதில் சேராது. அந்தக் காயத்துக்காக உண்மையில் செலவழித்தது முழுவதையும் முதலாளி தனியாகத் தர வேண்டும். பில் இருந்தால்தான். உங்கள் நோட்டீஸ் கிடைத்து மூன்று நாளுக்குள் முதலாளி தன் செலவில் ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், போய்வாருங்கள். காரணமில்லாமல் மறுத்தால் உரிமை அதுவரை நிறுத்தி வைக்கப்படும்.

அன்னைக்கு குடிச்சிருந்தான்னு சொல்லுதாங்க.

காயத்துக்கு நேரடிக் காரணம் குடி என்றால் இழப்பீட்டை மறுக்கலாம். ஆனால் மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்தச் சாக்கு செல்லாது. மற்ற காயங்களிலும் நிரூபிக்க வேண்டியது முதலாளி. வாய்ப்பேச்சு போதாது.

வேலை செஞ்சுட்டு வந்து படுத்தவரு நெஞ்சுவலியில போட்டிலேயே இறந்துட்டாரு. இது விபத்தா?

போட்டில் இறந்தார் என்பது மட்டும் போதாது. வேலையின் பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் தொடர்ந்து வலை இழுத்தார், தூக்கம் எவ்வளவு, வலி வந்ததாகச் சொன்ன பிறகும் வேலை வாங்கினார்களா, கரைக்குத் திருப்ப எத்தனை நேரம் ஆனது என்று கூட இருந்த இருவராவது எழுத்தில் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால் இந்த வழக்கு கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. துக்கத்தின் நடுவில் இதைச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும், ஆனாலும் யாராவது சொல்லியாக வேண்டும்.

ஊர்க் கமிட்டியில பேசி மூணு லட்சம் வாங்கி, 'இனி ஒண்ணும் கேட்க மாட்டோம்'னு கையெழுத்தும் போட்டாச்சு. முடிஞ்சு போச்சா?

முடியவில்லை. சட்டப்படியான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகவோ குறைப்பதாகவோ எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. முத்திரைத்தாளாக இருந்தாலும், தேவாலயப் பங்குப் பேரவையிலோ போட்டுச் சங்கத்திலோ வைத்துப் பேசியிருந்தாலும் அதேதான். மரணம் என்றால் இன்னும் கண்டிப்பு. இழப்பீட்டுப் பணத்தை முதலாளி அதிகாரியிடம் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழிக்கலாம். முதலாளிகளும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நல்ல மனதோடு கையில் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டாம் தடவை கட்ட வேண்டிவந்தால் அதற்குக் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடிபட்டவர் உயிரோடு இருந்து, சமரசமாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால், அந்த உடன்படிக்கையை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பேசித் தீர்ப்பதில் தவறில்லை, மேலே சொன்ன மூன்று எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேச உட்காருங்கள். பழைய அட்வான்ஸ் கடனை இழப்பீட்டில் பிடித்துக்கொள்வதையும் சட்டம் அனுமதிக்கவில்லை.

ஆளு கடல்ல விழுந்து காணாமப் போயிட்டாரு. உடல் கிட்டல. ஏழு வருஷம் காத்திருக்கணுமாமே?

ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்வது பொதுச் சட்டம். எந்தத் தடயமும் இல்லாதவர்களுக்கு அது. கடலில் விழுந்ததைக் கூட இருந்தவர்கள் கண்டிருந்தால், அந்தச் சாட்சியத்தை வைத்தே மரணத்தை நிரூபிக்கலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் ஏழு வருடம் காக்க வைக்காமல் இரு மாநில அரசுகளும் நிவாரணம் கொடுத்தன.

காத்திருந்தால் ஆபத்து கெடுவில் இருக்கிறது. கப்பல் பணியாளர் இறந்தால், இறந்த செய்தி குடும்பத்துக்குக் கிடைத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். கலம் ஆட்களோடு முழுதாக மூழ்கிப் போயிருந்தால், மூழ்கிய அல்லது மூழ்கியதாகக் கருதப்படும் நாளிலிருந்து பதினெட்டு மாதம். பொதுவான இரண்டு வருடக் கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். கடலோரப் போலீஸில் காணாமல் போனதாகப் பதிவு, திரும்பி வந்தவர்களின் வாக்குமூலம், புறப்படும்போது கொடுத்த ஆள் பட்டியல் மூன்றையும் முதல் மாதத்திலேயே கையில் வாங்குங்கள். ஆள் பட்டியலில் பெயர் இல்லாமல் ஏறிப்போவதன் வினை இங்கேதான் தெரியவரும்.

கப்பல் வந்து இடிச்சா யார்கிட்ட கேட்கணும், போட்டு முதலாளிகிட்டயா கப்பல்காரன்கிட்டயா?

போட்டு முதலாளியின் பொறுப்பு அப்போதும் மாறாது. அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கப்பலின் மேல் நேரடியாகப் போக வேண்டுமானால் 2017-இன் கடல்சார் வழக்குச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தை நாடி, கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க உத்தரவு கேட்கலாம். கேரள, சென்னை உயர் நீதிமன்றங்கள் இரண்டுக்கும் அந்த அதிகாரம் உண்டு. உயிரிழப்பு, காயத்துக்கான கோரிக்கை கப்பலின் மேலேயே பற்றி நிற்கும், ஆனால் ஒரு வருடம்தான். கப்பல் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம் என்பதால், பெயரும் நேரமும் இடமும் தெரிந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். இந்த ஒன்றுக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும்.

2012 பிப்ரவரி 15-இல் நீண்டகரையிலிருந்து போன போட்டின் மேல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டு இருவர் இறந்தார்கள், ஒருவர் நம் இரவிபுத்தன்துறைக்காரர். 2021-இல் இத்தாலி கட்டிய 10 கோடியில் இரு குடும்பத்துக்கும் 4 கோடி வீதம், போட்டு உடைமையாளருக்கு 2 கோடி என்று பிரிக்கப்பட்டது. அதே போட்டில் உயிர் தப்பியவர்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போன பிறகே, 2022-இல் அந்த 2 கோடியிலிருந்து ஒன்பது பேருக்கும் தலா 5 லட்சம் கிடைத்தது.

அரசு இன்சூரன்ஸ் வாங்கினா இது கிட்டாதுன்னு சொல்லுதாங்க, சரியா?

தவறு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை உண்டு. 18 முதல் 70 வயது வரை, பிரீமியம் அரசே கட்டும். அது அரசின் காப்பீடு, முதலாளி தர வேண்டியதை அதைச் சொல்லிக் குறைக்க முடியாது. இரண்டையும் கேளுங்கள். மீனவர் நல வாரிய அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் வாரியப் பலன்களும் கேட்க முடியும். கேரளப் போட்டில் போகிறோம் என்று இங்கே புதுப்பிக்காமல் விட்டு, அங்கேயும் பதியாமல் இரண்டுங்கெட்டானாக நிற்பவர்கள் நம் கரையில் அதிகம்.

இதில் ஒரே விலக்கு, இ.எஸ்.ஐ. உள்ள மீன் பதன ஆலை, ஐஸ் ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் இ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும், முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது.

முதலாளிகிட்ட ஆட்களுக்கான இன்சூரன்ஸ் இருக்கு. நான் கம்பெனியோட மல்லுக்கு நிக்கணுமா?

மனுவில் முதலாளியோடு காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். இழப்பீடும், பாலிசியில் விலக்கி எழுதாவிட்டால் வட்டியும் நிறுவனத்தின் தலையில் விழும். தாமதத்துக்கான அபராதம் மட்டும் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியில் எத்தனை ஆள் என்று பாருங்கள். எட்டுப் பேருக்கு எடுத்துவிட்டுப் பன்னிரண்டு பேரை ஏற்றுவது வழக்கம், நிறுவனம் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

விழிஞ்ஞத்தில காண்டிராக்டர்கிட்ட லோடிங் வேலை. அடிபட்ட பிறகு காண்டிராக்டர் போனே எடுக்கல.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது, பெயின்ட் அடிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் சட்டத்தின் பட்டியலில் உண்டு. காண்டிராக்டர் ஓடினாலும், யாருடைய தொழிலுக்காக அந்த வேலை நடந்ததோ அந்த நிறுவனத்திடமே நேராகக் கேட்கலாம். கேட் பாஸ்தான் உங்கள் அத்தாட்சி, அடிபட்ட அன்று அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

தம்பி கத்தார்ல லாஞ்சியில, மச்சான் கப்பல்ல. அவங்களுக்கு எப்படி?

இரண்டும் வேறு வேறு. வளைகுடாவில் லாஞ்சி என்ற மீன்பிடிப் படகில் போகிறவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருவார்கள். கூடவே, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் முறைப்படி அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகப் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். பாலிசி எண்ணை வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள். அப்படிக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை, ஆகவே அங்கே போகும் நம் ஆட்களுக்கு இது தானாகக் கிடைக்காது. விசிட் விசாவில் போனவர்களுக்கும் அப்படியே.

சரக்குக் கப்பல் பணியாளருக்கு 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை காவல், மீன்பிடிக் கலங்களுக்கு அது பொருந்தாது. காயத்துக்கான சிகிச்சையையும் கூலியையும் குறைந்தது பதினாறு வாரம் கப்பல் உடைமையாளர் பார்க்க வேண்டும். மரணம், நீண்டகால ஊனத்துக்கான தொகை வேலை ஒப்பந்தத்திலும் சங்க உடன்படிக்கையிலும் இருக்கும். அதற்கான காப்பீட்டுச் சான்றை ஆட்கள் பார்க்கும் இடத்தில் கப்பலில் ஒட்டியிருப்பார்கள். ஏறிய அன்றே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் உள்ளவரா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாதவர் மூலம் போனவருக்கு விபத்து நடந்தால், இங்கே கழுத்தைப் பிடிக்க ஆளே இருக்காது.

வக்கீல் வேணுமா? பணம் யார் கையில வரும்?

இழப்பீட்டு மனுவுக்கு வக்கீல் கட்டாயமில்லை, தொழிற்சங்கப் பொறுப்பாளரே ஆஜராகலாம். முதலாளி பங்காளி வாதத்தை எடுத்தால் மட்டும் வக்கீல் வைப்பது நல்லது. தீர்ப்பான தொகை அதிகாரியிடம் வைப்பாகி, அவர் பிரித்துத் தருவார். மனைவி, மைனர் பிள்ளைகள், கல்யாணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் அவரை நம்பி வாழ்ந்ததாகத் தனியாக நிரூபிக்க வேண்டாம். தகப்பன் நிரூபிக்க வேண்டும். மைனர் பங்கு வங்கியில் போடப்படும். யாருடைய பெயராவது மனுவில் விட்டுப்போனால் பிரிக்கும் நேரத்தில் சண்டை வரும், ஆகவே ரேஷன் கார்டையும் வாரிசுச் சான்றையும் வைத்துக்கொண்டே மனுவை நிரப்புங்கள்.

எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போக 60 நாள் உண்டு. ஆனால் தீர்ப்புத் தொகை முழுவதையும் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள். அப்பீல் போட்டுவிட்டோம் என்று யாராவது போனில் சொன்னால், கட்டிய ரசீதின் நகலைக் கேளுங்கள்.